பிரஸ்ஸல்ஸ் புகார்ச் சன்னல்கள்: நெல்லைச் சீமை ஏற்றுமதிக்காரருக்கு எது உதவும், எது உதவாது

ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. நிறுவனங்கள் கூடி விலை வைப்பதைத் தடுக்கும் அதன் போட்டிச் சட்டப் பிரிவில் புகார் கொடுக்கக் கட்டணம் ஒரு பைசா கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. ஆங்கிலத்தில் எழுதினால் வாங்கிக்கொள்கிறார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் போன பிறகும் அயர்லாந்து, மால்டா புண்ணியத்தில் ஆங்கிலம் அங்கே ஆட்சிமொழியாகவே இருக்கிறது. அந்தப் பிரிவைப் பற்றிச் சொல்ல வேண்டிய நல்ல செய்திகள் இவை. கெட்ட செய்தியையும் கையோடு சொல்லிவிடலாம்: ஹாம்பர்க் வியாபாரி தர வேண்டிய பாக்கியை வசூல் செய்து தரும் இடம் அது இல்லை. அப்படி நினைத்து எழுதுகிற கடிதங்கள்தான் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கமிருந்து அதிகம் போகின்றன. போய், நாலு வரிப் பதிலோடு திரும்பி வருகின்றன.

இந்த மதிப்புரை யாருக்கு என்றால், சாத்தான்குளம், திசையன்விளை, தேரிக்காட்டுச் செம்மண்ணில் விளையும் அவுரி இலையையும் காயையும் சென்னா என்ற பெயரில் கப்பலேற்றுகிறவர்களுக்கு. நித்தியகல்யாணி வேர், முருங்கை இலைப் பொடி அனுப்புகிறவர்களுக்கு. தூத்துக்குடியில் இறால் பதப்படுத்துகிறவர்களுக்கு. 'தின்னவேலி சென்னா' என்று ஐரோப்பிய மருந்து நூலிலேயே ஊர்ப் பெயர் ஏறிய சரக்கு இது. ஆனால் அந்த இலைக்கு என்ன விலை என்பதை வாங்குகிற ஊரில் சிலபேர் கூடி முடிவு செய்தால் எங்கே போய்ச் சொல்வது என்பது பலருக்குத் தெரியாது.

சன்னல்கள் நாலு. வழக்குப் பதிவேடு, பெயர் சொல்லாமல் தகவல் தரும் பெட்டி, படிவம் சி என்கிற முறையான புகார், இவை மூன்றும் பிரஸ்ஸல்ஸில். நாலாவது, வாங்குபவரின் நாட்டில் இருக்கும் உணவு வணிக அமலாக்க அலுவலகம். நாலாவதைப் பற்றித்தான் நம் ஆட்களுக்கு ஒன்றுமே தெரியாது. உபயோகம் அதிகம் உள்ளதும் அதுதான்.

முதலில் பதிவேடு. எதையும் எழுதும் முன் அரை நாள் இதில் செலவழிக்க வேண்டும். விலைக்கூட்டு வழக்குகளும் ஆதிக்க வழக்குகளும் 'ஏ.டி.' என்ற முன்னெழுத்தோடும், நிறுவன இணைப்புகள் 'எம்.' என்ற எழுத்தோடும் இருக்கும். சரக்கின் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் கைவிரித்துவிடும். நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுவதே வழி. தீர்ப்பு வந்தவுடன் கிடைப்பது சுருக்கச் செய்திக்குறிப்பு மட்டும். வணிக ரகசியம் நீக்கிய முழு ஆவணம் ஏற ஒரு வருடத்துக்கு மேல்கூட ஆகிறது. அதிலும் சதுர அடைப்புக்குறிக்குள் புள்ளிகளாகவும், '10–20 சதவீதம்' என்று வீச்சாகவும்தான் எண்கள் இருக்கும். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் ஒரு கூட்டு எப்படி நடக்கிறது, அதிகாரிகள் எதைச் சாட்சியமாக எடுத்துக்கொள்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடையாது.

இறால்காரர்கள் 39633 என்ற எண்ணைத் தேடுங்கள். வடகடல் இறால் வழக்கு. நெதர்லாந்து, ஜெர்மனியைச் சேர்ந்த 4 வியாபாரிகள் 2000 முதல் 2009 வரை விலையையும் வாடிக்கையாளரையும் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2013 நவம்பரில் மொத்த அபராதம் 2.87 கோடி யூரோ. அதில் ஹைப்லூக் என்ற ஒரே நிறுவனத்தின் தலையில் விழுந்தது 2.7 கோடி. கூட்டில் இருந்த கிளாஸ் புல் முதலில் ஓடிப்போய்ச் சொன்னதால் அதற்கு அபராதமே இல்லை. இதில் கவனிக்க வேண்டியது சாட்சியம். கூட்டாளிகளில் ஒருவர் மற்றவர்களோடு பேசிய தொலைபேசிப் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்து வைத்திருந்தார். சோதனைக்குப் போன அதிகாரிகள் கையில் அது சிக்கியது. 'எங்களுக்குத் தெரியாமல் பதிவு செய்தது செல்லாது' என்று வாதாடிப் பார்த்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் 2016இல் செல்லும் என்று சொல்லிவிட்டது.

மூலிகைக்காரர்களுக்கு 40636. வயிற்றுப் பிடிப்புக்குக் கொடுக்கும் பஸ்கோபான் மாதிரி மருந்துகளின் மூலப்பொருளில், 2005 முதல் 2019 வரை, குறைந்தபட்ச விலையையும் விற்பனைப் பங்கையும் பேசி வைத்துக்கொண்டார்கள். 2023 அக்டோபரில் 5 நிறுவனங்களுக்குச் சேர்த்து 1.34 கோடி யூரோ அபராதம். பட்டியலில் ஆல்கலாய்ட்ஸ் கார்ப்பரேஷன் என்ற இந்திய நிறுவனமும் உண்டு. சமரசத்துக்கு வராத இன்னொரு இந்திய நிறுவனத்தின் மேல் நடவடிக்கை தனியாகத் தொடர்ந்தது. 'நாம இங்கே உட்கார்ந்து பேசுறது அவங்களுக்கு எப்படித் தெரியும், தெரிஞ்சாலும் என்ன செய்வாங்க' என்று கேட்பவர்கள் இந்த ஒரு கோப்பைப் படித்தால் போதும். இந்த விஷயத்துக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

இரண்டாவது சன்னல், பெயர் சொல்லாத தகவல் பெட்டி. 2017 மார்ச்சில் திறந்தார்கள். மறையாக்கம் செய்த செய்தி, வெளியிலுள்ள ஒரு சேவை நிறுவனத்தின் வழியாகப் போகிறது. எந்தக் கணினி, எந்த ஊர் என்ற தடயங்களை அந்த நிறுவனம் கழித்துவிட்டு, எழுதிய விஷயத்தை மட்டும் ஆணையத்துக்குத் தருகிறது. நல்ல அம்சம், இது ஒருவழிப் பாதை இல்லை: பதில் வேண்டும் என்று குறித்தால் அதிகாரி திரும்பக் கேள்வி கேட்கலாம், நாம் யார் என்று தெரியாமலே பதில் சொல்லலாம். அதற்கு உள்நுழையும் விவரத்தைப் பத்திரமாக வைக்க வேண்டும். நாம் யார் என்றே அவர்களுக்குத் தெரியாதபோது, தொலைத்துவிட்டு 'நான்தான் அவன்' என்று நிரூபிக்க வழி ஏது?

குறை தொழில்நுட்பத்தில் இல்லை, நம் சரக்கில் இருக்கிறது. சென்னா வியாபாரம் சின்ன உலகம். 'தூத்துக்குடியிலிருந்து 2 கண்டெய்னர் காய், இன்ன மாதம், இன்ன சென்னோசைடு (இலையிலும் காயிலும் உள்ள மருந்துச் சத்து) சதவீதம்' என்று எழுதினால் அதிகாரிக்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம். நாளைக்கு விசாரணையில் அந்த விவரம் வெளியே வந்தால் வாங்குபவருக்கு ஒரு நொடியில் ஆள் தெரிந்துவிடும். ஆகவே கப்பல் பெயர், இன்வாய்ஸ் எண், சரியான எடை வேண்டாம். மாதத்தைக் காலாண்டாக்குங்கள். கோப்பு இணைத்தால் அதன் பண்புகளில் நிறுவனப் பெயரும் கணக்கர் பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றை நீக்குங்கள், அல்லது விஷயத்தைப் பெட்டியிலேயே தட்டச்சு செய்யுங்கள். அலுவலகக் கணினியிலிருந்து அனுப்பாதீர்கள். ஜெர்மனியின் போட்டி ஆணையமான புண்டஸ்கார்ட்டெலாம்ட்டும் 2012 முதல் இதுபோல ஒரு பெட்டி வைத்திருக்கிறது. விஷயம் ஜெர்மனிக்குள் மட்டும் என்றால் அங்கேயே போடுவது வேகம்.

இதில் அனுப்புவது தகவல்தான், சட்டப்படிப் புகார் ஆகாது. பதில் சொல்லியே தீர வேண்டும் என்ற கடமை ஆணையத்துக்கு இல்லை. அந்தக் கடமை வேண்டுமானால் மூன்றாவது சன்னலுக்குப் போக வேண்டும்.

படிவம் சி. பெயர்தான் படிவம்; கட்டம் கட்டமாக நிரப்பும் தாள் இல்லை. நாலு பகுதியாக நாமே எழுதித் தர வேண்டிய விண்ணப்பம். ஒன்று, நாம் யார், யார் மேல் புகார். இரண்டு, என்ன நடந்தது, ஆதாரம் என்ன. மூன்று, என்ன முடிவு வேண்டும், இதைக் கேட்க நமக்கு என்ன நியாயமான அக்கறை. நாலு, இதே விஷயம் வேறு போட்டி ஆணையத்திலோ நீதிமன்றத்திலோ இருக்கிறதா. கையெழுத்து வேண்டும். வணிக ரகசியம் உள்ள பிரதி ஒன்று, நீக்கிய பிரதி ஒன்று என இரண்டாகத் தயார் செய்ய வேண்டும். இரண்டாவதை எதிராளியிடம் காட்டுவார்கள். நம் அடக்க விலையை அந்தப் பிரதியில் அழிக்க மறந்தால் அடுத்த சீசனுக்கு அவன் பேரம் பேச நாமே பாடம் எடுத்துக் கொடுத்த மாதிரி.

மூன்றாம் பகுதியில் சறுக்குகிறவர்கள் அதிகம். 'எங்களிடமிருந்து அந்த நிறுவனம் நேரடியாக வாங்குகிறது, கூட்டு விலையால் எங்களுக்கு இன்ன நட்டம்' என்று எழுதினால் அக்கறை நிற்கும். மும்பை ஏற்றுமதி நிறுவனத்துக்குச் சரக்கு கொடுத்துவிட்டு, அது ஐரோப்பாவுக்கு விற்ற விலையைப் பற்றிப் புகார் எழுதினால் தொடர்பு நூலிழை ஆகிவிடும்.

இரண்டாம் பகுதியில் வழுக்குவது அதைவிட மோசம். ஒப்பந்தக் கூட்டைத் தடுக்கும், ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தின் 101ஆம் பிரிவுக்குக் குறைந்தது இரண்டு நிறுவனம் பேசி வைத்திருக்க வேண்டும். ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் 102க்கு எதிராளி சந்தையில் ஆதிக்கம் உள்ளவராக இருக்க வேண்டும். சந்தைப் பங்கு 50 சதவீதம் தாண்டினால் ஆதிக்கம் என்று அனுமானிப்பது 1991 ஆக்சோ தீர்ப்பிலிருந்து வழக்கம், 40க்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் எடுபடாது. ஒரே ஒரு வியாபாரி, சின்னப் பங்கு, விலையைக் குறைத்துவிட்டான், ஈரப்பதம் என்று சொல்லிக் கழித்துவிட்டான்: இது இரண்டிலும் சேராது. அநியாயம்தான், ஆனால் போட்டிச் சட்ட அநியாயம் இல்லை.

'மூன்று பேரும் ஒரே வாரத்தில் ஒரே விலை சொன்னார்கள்' என்பதும் தனியாக நின்றால் போதாது. மரக்கூழ் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 1993இல் சொன்னது, விலை ஒன்றுபோல நகர்ந்ததற்குக் கூட்டு ஒன்றே நம்பத்தகுந்த விளக்கமாக இருந்தால்தான் அதைச் சாட்சியமாகக் கொள்ளலாம் என்பது. சந்தை விலை எல்லோருக்கும் தெரிந்த சரக்கில் வேறு விளக்கம் எப்போதும் இருக்கும். தேவைப்படுவது ஒரு வாக்கியம்: 'எல்லோரும் இதற்கு மேல் கொடுப்பதில்லை என்று பேசியிருக்கிறோம்' என்று வாங்குபவர் எழுதிய மின்னஞ்சல், இடைத்தரகர் அனுப்பிய குரல்செய்தி, ஒருவருக்கு அனுப்பிய விலைப்பட்டியல் தவறி இன்னொருவருக்கு வந்தது. அதை அப்படியே, அனுப்பிய நேரம் தெரியும்படி வைத்திருங்கள். படம் பிடித்து வெட்டி ஒட்டாதீர்கள்.

வாங்குபவர்கள் கூடி விலையை அமுக்குவதும் இந்தச் சட்டத்தில் குற்றமே என்பதில் சந்தேகம் வேண்டாம். 2004இல் ஸ்பெயினில் விவசாயிகளிடம் பச்சைப் புகையிலை வாங்கும் நிறுவனங்களுக்கு 2 கோடி யூரோவும், 2005இல் இத்தாலியில் அதே காரியத்துக்கு 5.6 கோடியும் போட்டார்கள். 2017இல் பழைய கார் பேட்டரி வாங்குகிறவர்கள் கூடி விலையை இறக்கியதற்கு 6.8 கோடி. ஸ்பெயின் வழக்கில் ஒரு சங்கடமான கிளைக்கதையும் உண்டு: விலையைக் கூட்டாகப் பேசிய விவசாயச் சங்கங்களுக்கும் பெயரளவில் தலைக்கு 1,000 யூரோ அபராதம் விழுந்தது.

புகார் போனபின் என்ன நடக்கும்? 4 மாதத்துக்குள் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்ல முயல்வோம் என்பது ஆணையம் தானே எழுதி வைத்த இலக்கு. பெரும்பாலான பதில், 'எடுக்கப் போவதில்லை' என்பதுதான். ஒவ்வொரு புகாரையும் விசாரிக்கும் கடமை ஆணையத்துக்கு இல்லை, ஒன்றியத்தின் நலனைப் பார்த்து முன்னுரிமை கொடுக்கலாம் என்று 1992 ஆட்டோமெக் தீர்ப்பே உரிமை கொடுத்திருக்கிறது. அப்படிச் சொல்லும் முன் காரணத்தை எழுதி அனுப்பி, பதில் சொல்ல 4 வாரமாவது தருவார்கள். அந்தக் கெடுவுக்குள் எழுதாவிட்டால் புகாரை நாமே திரும்பப் பெற்றதாகக் கணக்கு. இந்த இடத்தில் கோட்டை விடாதீர்கள். சீசன் நேரத்தில் வரும் மின்னஞ்சலை 'அப்புறம் பார்க்கலாம்' என்று வைத்தால் அதோடு முடிந்தது. பதில் எழுதியும் நிராகரித்தால் அது முறையான முடிவு. லக்ஸம்பர்க்கிலுள்ள பொது நீதிமன்றத்தில் 2 மாதமும் தூரத்துக்காக 10 நாளும் சேர்த்து அதற்குள் வழக்குப் போடலாம். அங்கே வக்கீல் கட்டாயம், அதுவும் ஐரோப்பிய நாட்டு வக்கீல். இலவசம் அந்த வாசலோடு முடிகிறது.

எடுத்துக்கொண்டாலும் பொறுமை வேண்டும். இறால் வழக்கில் சோதனை 2009, முடிவு 2013. கூகுள் ஷாப்பிங் விசாரணை தொடங்கியது 2010, அபராதம் 242 கோடி யூரோ விதித்தது 2017, கடைசித் தீர்ப்பு 2024. அந்தப் பணம் போவது ஒன்றியத்தின் வரவு செலவுக் கணக்குக்கு. புகார் கொடுத்தவருக்கு அதில் சல்லிக்காசு வராது. நட்டஈடு வேண்டுமானால் அந்தந்த நாட்டு நீதிமன்றத்தில் தனியாகக் கேட்க வேண்டும். 2014ஆம் ஆண்டு நட்டஈட்டு வழிகாட்டுச் சட்டம் அதை எளிதாக்கியிருக்கிறது: விலைக்கூட்டு நட்டம் விளைவித்தது என்று அனுமானம் உண்டு, குறைந்தது 5 ஆண்டு கெடு உண்டு, நேரடியாக வியாபாரம் செய்யாதவரும் கேட்கலாம். ஆனால் எவ்வளவு நட்டம் என்று பொருளாதார நிபுணரை வைத்துக் கணக்குக் காட்ட வேண்டும். சிலநூறு டன் அனுப்புகிறவருக்குக் கட்டுப்படியாகாத செலவு.

கப்பல் வாடகை பற்றிய புகார்களுக்கு ஒரு தகவல். தூத்துக்குடியில் ஃபார்வர்டர் 'ஜி.ஆர்.ஐ. (பொதுக் கட்டண உயர்வு) வருது, ஒண்ணாம் தேதிக்கு முன்னால புக் பண்ணுங்க' என்று சொல்வது பழகிப்போன பல்லவி. கண்டெய்னர் நிறுவனங்கள் இப்படிப் பொதுவில் உயர்வை அறிவிப்பதே போட்டியாளருக்குக் கொடுக்கும் சாடை என்று ஆணையம் 39850 என்ற வழக்கில் சந்தேகப்பட்டது. 2016 ஜூலையில் 14 நிறுவனங்கள் உறுதிமொழி கொடுத்தன: இவ்வளவு டாலர் கூடும் என்று வெறும் உயர்வை மட்டும் அறிவிக்கக் கூடாது, முழு விலையின் 5 உறுப்புகளாவது தெரிய வேண்டும், அமலுக்கு வரும் நாளுக்கு 31 நாளுக்கு முன்னால் அறிவிக்கக் கூடாது. அந்த உறுதிமொழி 3 ஆண்டுக்கு மட்டும், காலம் முடிந்துவிட்டது. இன்னொரு பக்கம், கப்பல் கூட்டணிகளுக்குப் போட்டிச் சட்டத்திலிருந்து இருந்த விலக்கு 2024 ஏப்ரல் 25இல் காலாவதியானது, புதுப்பிக்கவில்லை. ஆக, ஐரோப்பா போகும் வழித்தடத்தில் சந்தேகம் வந்தால் தகவல் பெட்டியில் போட இப்போது முன்பைவிட அர்த்தம் இருக்கிறது. படிவம் சி வரை போகத் தேவையில்லை.

இனி நாலாவது சன்னல். இதைத்தான் நாங்கள் முழு மனதோடு பரிந்துரைப்போம்.

2019/633 என்ற எண் கொண்ட ஐரோப்பிய வழிகாட்டுச் சட்டம், வேளாண் உணவுச் சங்கிலியில் பெரிய வாங்குபவர் சின்ன விற்பவரை நசுக்குவதைத் தடுக்கிறது. 2021இல் அமலுக்கு வரத் தொடங்கியது; இப்போது எல்லா உறுப்பு நாடுகளிலும் சட்டம். இதற்குக் கூட்டும் வேண்டாம், 50 சதவீத ஆதிக்கமும் வேண்டாம். இருவருடைய ஆண்டு வியாபாரத் தொகையில் உள்ள வித்தியாசம் போதும். விற்பவர் ஒன்றியத்துக்கு வெளியே இருந்தாலும் வாங்குபவர் உள்ளே இருந்தால் பொருந்தும்.

என்ன சரக்குக்கு? ஒன்றிய ஒப்பந்தத்தின் முதல் இணைப்பில் உள்ள பட்டியல், அதோடு அவற்றிலிருந்து செய்த உணவுப் பொருள்கள். பட்டியலில் 3ஆம் அத்தியாயம் மீனும் இறாலும். 8 பழமும் கொட்டையும், முந்திரிப் பருப்பு உட்பட. 12இல் மருந்துச் செடிகள் வருகின்றன. நம் சென்னா இலையும் காயும் 1211 என்ற சுங்கத் தலைப்பில்தான் கப்பலேறுகின்றன. அது தேநீர்ப் பையில் போனாலும் மருந்துக் கம்பெனிக்குப் போனாலும் இலையாகவும் காயாகவும் போகும்வரை பட்டியலுக்குள். பிரித்தெடுத்த சென்னோசைடாக அனுப்பினால் வெளியே. கயிறும் தென்னை நாரும் வெளியே.

வியாபாரத் தொகைக் கணக்கு படிக்கட்டு மாதிரி ஏறும். விற்பவருக்கு ஆண்டு வியாபாரம் 20 லட்சம் யூரோ வரை என்றால் வாங்குபவர் 20 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். 20 லட்சம் முதல் 1 கோடி வரை என்றால் வாங்குபவர் 1 கோடிக்கு மேல். 1 முதல் 5 கோடி என்றால் 5 கோடிக்கு மேல். அப்புறம் 15 கோடி, 35 கோடி. 1 யூரோவுக்கு 100 ரூபாய் என்று வட்டமாக வைத்துக்கொண்டால், 15 கோடி ரூபாய் வியாபாரம் செய்யும் சென்னா ஏற்றுமதிக்காரர் முதல் படி. 60 கோடி ரூபாய்க்காரர் இரண்டாம் படி; அவருடைய வாங்குபவர் 1 கோடி யூரோவுக்கு மேல் இருக்க வேண்டும். இங்கே ஒரு குழி: தனி நிறுவனத்தின் கணக்கு இல்லை, குழுமக் கணக்கு. அப்பா பெயரில் ஒன்று, மகன் பெயரில் ஒன்று என்று நாலு நிறுவனம் வைத்து, அவை ஒன்றையொன்று கட்டுப்படுத்தினால் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

என்ன தடை? அழுகும் பொருளுக்கு 30 நாள், மற்றதற்கு 60 நாள் தாண்டிப் பணம் தருவது. உறைய வைத்த இறாலும் காய்ந்த இலையும் அழுகும் பொருளில் சேராது. 30 நாளில் கெடுவதுதான் கணக்கு. ஆகவே நமக்கு 60. ஒப்பந்தத்தை வாங்குபவர் தன்னிச்சையாக மாற்றுவது. விற்பனைக்குத் தொடர்பில்லாத தொகையைக் கழிப்பது. சரக்கு அவர் கைக்குப் போனபின் அவரிடத்தில் கெட்டதை, விற்றவர் மேல் தவறில்லாதபோதும், விற்றவர் தலையில் கட்டுவது. எழுத்தில் உறுதி கேட்டால் தர மறுப்பது. புகார் கொடுத்தால் ஆர்டர் கிடையாது என்று மிரட்டுவது. இவையெல்லாம் எந்தக் கையெழுத்து இருந்தாலும் செல்லாது. விற்காத சரக்கைத் திருப்புவது, விளம்பரச் செலவில் பங்கு கேட்பது போன்ற வேறு 6 வகை, முன்கூட்டியே தெளிவாக எழுதி ஒத்துக்கொண்டிருந்தால் மட்டும் நடக்கும்.

போக வேண்டிய இடம் வாங்குபவரின் நாடு. ஜெர்மனியென்றால் பான் நகரிலுள்ள வேளாண்மை உணவுக் கூட்டாட்சி அலுவலகம், சுருக்கமாக பி.எல்.இ. போட்டி ஆணையமும் அதே பான் நகரில் இருப்பதால் கடிதம் மாறிப் போகிறது. முகவரியைப் பார்த்து அனுப்புங்கள். நெதர்லாந்தில் ஏ.சி.எம்., ஸ்பெயினில் ஏ.ஐ.சி.ஏ., பிரான்ஸில் டி.ஜி.சி.சி.ஆர்.எஃப்., இத்தாலியில் ஐ.சி.க்யூ.ஆர்.எஃப். பெயரை மறைக்கச் சொல்லிக் கேட்கலாம். கேட்டால் மறைக்கும் கடமை சட்டத்திலேயே இருக்கிறது. எந்த வரிகள் நம்மைக் காட்டிக்கொடுக்கும் என்று நாம்தான் குறித்துக் கொடுக்க வேண்டும்.

கொடுக்க வேண்டிய காகிதம்: ஒப்பந்தம் அல்லது ஆர்டரை உறுதி செய்த மின்னஞ்சல், இன்வாய்ஸ், பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் சரக்குச் சீட்டு, சரக்கு சேர்ந்த தேதிக்கு ஆதாரம், பணம் வந்த வங்கி ஆவணம், கழிவுக்கு அவர் அனுப்பிய டெபிட் நோட். நம் பக்கம் பெரும்பாலும் இல்லாமல் போவது முதல் காகிதம். ஃபோனில் விலை பேசி, வாட்ஸ்அப்பில் 'ஓகே' வாங்கி, கப்பலேற்றி விடுகிறோம். தொகையும் கெடுவும் எழுத்தில் இல்லாதபோது 60 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதிலேயே வழக்கு நின்றுவிடும்.

இந்தச் சன்னல் கதவைச் சாத்துவது ஒரே இடத்தில். சரக்கு ஹாம்பர்க்கில் இறங்கும், ஆனால் இன்வாய்ஸ் துபாய் நிறுவனத்தின் பேருக்கோ சுவிட்சர்லாந்து வியாபாரியின் பேருக்கோ இருக்கும். வாங்குபவர் என்று சட்டம் பார்ப்பது பணம் தர வேண்டியவரை. அவர் ஒன்றியத்துக்கு வெளியே என்றால் இரண்டு பக்கமும் வெளியே, சட்டம் கிடையாது. அடுத்த ஆர்டரில் ஒரு சென்ட் குறைத்தாவது ஜெர்மன் நிறுவனத்தின் பேருக்கே பில் போட முடியுமா என்று பாருங்கள். நாங்கள் பார்த்தவரை அந்த ஒரு சென்ட் வீண்போகாது.

விவசாயிக்கு இதில் நேரடிப் பாத்தியதை இல்லை. சாத்தான்குளத்தில் நாலு ஏவாரி கூடி இலைக்கு விலையை இறக்கினால் அது டெல்லியிலுள்ள இந்தியப் போட்டி ஆணையத்தின் எல்லை. சென்னையிலும் அதற்கு அலுவலகம் உண்டு.

இப்போது முன்னால் தள்ளி வைத்த விஷயம். ஏற்றுமதிக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் 'இந்த சீசன் யாரும் கிலோ இவ்வளவு யூரோவுக்குக் கீழே கோட் பண்ண வேண்டாம்' என்று ஒரு வரி போடுவது இங்கே யாருக்கும் தப்பாகத் தோன்றுவதில்லை. தோன்றாததற்குக் காரணமும் உண்டு: இந்தியப் போட்டிச் சட்டம் 2002இன் 3(5) பிரிவு, ஏற்றுமதிக்கு மட்டுமான ஒப்பந்தங்களுக்கு விலக்குக் கொடுக்கிறது. அந்த விலக்கு தூத்துக்குடித் துறைமுகத்தைத் தாண்டாது. மேலே சொன்ன மரக்கூழ் வழக்கின் முதல் தீர்ப்பு, 1988இல் வந்தது, இதையேதான் சொல்கிறது: எங்கே உட்கார்ந்து பேசினீர்கள் என்பது முக்கியமில்லை, பேசியதை எங்கே விற்று நடைமுறைப்படுத்தினீர்கள் என்பதே முக்கியம். அந்த வழக்கிலும் அமெரிக்க ஏற்றுமதிச் சங்கம் ஒன்று, 'எங்கள் நாட்டுச் சட்டம் ஏற்றுமதிக் கூட்டை அனுமதிக்கிறது' என்று வாதாடியது. அந்த அனுமதியை நீதிமன்றம் ஒரு தடையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அனுமதிப்பது வேறு, கட்டாயப்படுத்துவது வேறு என்றது. சங்கம் தப்பியது வேறொரு காரணத்தால்: கூட்டை நடைமுறைப்படுத்துவதில் அதற்குத் தனிப் பங்கு இல்லை. உறுப்பினர்கள் மேல் அதிகார எல்லை உறுதியானது.

அபராத உச்சவரம்பு முந்தைய ஆண்டின் உலக மொத்த வருமானத்தில் 10 சதவீதம். ஐரோப்பிய விற்பனையில் இல்லை, மொத்தத்தில். சந்தைப் பங்கு சின்னது என்ற சமாதானமும் நேரடி விலைக்கூட்டுக்கு ஒத்துவராது. பயந்துபோய்க் குழுவை அழிப்பது அதைவிடக் கெடுதல்: 2023இல் வாசனைப் பொருள் நிறுவனமான ஐ.எஃப்.எஃப்.பில் சோதனை நடந்தபோது ஊழியர் ஒருவர் வாட்ஸ்அப் செய்திகளை அழித்ததற்கு மட்டும் 2024இல் 1.59 கோடி யூரோ போட்டார்கள். 2008இல் ஈ.ஆன் நிறுவனத்தில் அதிகாரிகள் வைத்த முத்திரை உடைந்திருந்ததற்கு 3.8 கோடி.

குழுவில் இருந்தாயிற்று, வெளியே வர வேண்டும் என்றால் சத்தமில்லாமல் விலகுவது போதாது. 'இதில் எனக்கு உடன்பாடு இல்லை' என்று அந்தக் குழுவிலேயே எழுதிவிட்டு வெளியேற வேண்டும். அப்போதுதான் விலகியதாகக் கணக்கு. முதலில் போய்ச் சொல்பவருக்கு முழு விலக்கு, அடுத்தவருக்கு 30 முதல் 50 சதவீதம், மூன்றாமவருக்கு 20 முதல் 30 வரை குறைப்பு. 2019 முதல் அந்த விண்ணப்பத்தையும் இணையத்திலேயே கொடுக்கலாம். ஆனால் இந்த ஒரு காரியத்தை வக்கீல் இல்லாமல் செய்யாதீர்கள்.

லண்டன், லிவர்பூல் வாங்குபவர்களுக்கு இந்த நாலு சன்னலில் எதுவும் இல்லை. 2021 ஜனவரியிலிருந்து அங்கே நடப்பவை பிரிட்டனின் சி.எம்.ஏ. என்ற தனி ஆணையத்தின் பொறுப்பு. ஒரே கண்டெய்னரில் பாதி லண்டனுக்கும் பாதி ராட்டர்டாமுக்கும் என்று பிரித்து அனுப்புகிறவர்கள் இன்வாய்ஸையும் இரண்டாகப் போடுங்கள். ஒரே பில்லில் கலந்து கிடந்தால் எந்த அலுவலகமும் 'இது எங்களுடையதுதானா' என்று முதலில் அதையே நாலு மாதம் கேட்டுக்கொண்டிருக்கும்.